விமானத்தின் வால் சுக்கான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிலையக் கண்ணாடிச் சுவர் ஓரம் நின்று பார்த்தால், முதலில் கண்ணில் படுவது விமானத்தின் வால்தான். நிறுவனத்தின் சின்னம் எழுதிய அந்த உயரமான துடுப்பின் பின்விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். கோட்டுக்குப் பின்னால் கதவுபோல அசைகிற பகுதிதான் சுக்கான். ரட்டர் என்றும் சொல்வார்கள். இதைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறப்பவை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சுக்கான்தானே விமானத்தைத் திருப்பும் ஸ்டியரிங்?

இல்லை. தோணியில் சுக்கானைத் திருப்பினால் தோணி திரும்பும். அதே பெயர் இங்கேயும் இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். விமானம் திரும்புவது சைக்கிளைப்போல, சாய்ந்துதான். இறக்கையின் ஓரத்தில் அசையும் பலகைகளான ஏலரான்கள் ஓர் இறக்கையைத் தூக்கி மற்றதைத் தாழ்த்தும். சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுவையில்தான் விமானம் வளைந்து போகிறது.

சுக்கானை மட்டும் திருப்பினால் மூக்கு அந்தப் பக்கம் பார்க்கும், உடம்போ பழைய திசையிலேயே காற்றைக் குறுக்காகத் தள்ளிக்கொண்டு வழுக்கும். பயணிகள் ஒரு பக்கமாகச் சரிவார்கள், கோப்பையில் இருக்கும் காப்பி ஓரத்துக்கு ஏறும். மூக்கு இப்படி இடமும் வலமுமாகத் திரும்புவதைத்தான் ஆங்கிலத்தில் 'யா' என்கிறார்கள். மூக்கை அது போகவேண்டிய திசையில் நேராகப் பிடித்து வைப்பதே சுக்கானின் வேலை.

அப்படியானால் சுக்கானை அசைக்கும் பெடலை விமானி எப்போதுதான் மிதிக்கிறார்?

பெரிய ஜெட் விமானத்தில் மேலே பறக்கும்போது அநேகமாக மிதிப்பதே இல்லை. காலைத் தரையில் ஊன்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஓடுபாதையில் ஓடும்போது நேராகப் போக, பக்கக் காற்றில் இறங்கும்போது, ஓர் என்ஜின் நின்றுபோனால்: இந்த மூன்றுக்குத்தான் பெடல் முக்கியம். சாயும்போது கீழே இறங்கும் ஏலரான் கூடுதல் காற்றுத்தடையை உண்டாக்கி மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். சின்னப் பயிற்சி விமானங்களில் இதைக் காலால் சரிசெய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஜெட்டில் அந்த வேலையைக் கணினியே செய்துவிடுகிறது.

பெடலை மிதிப்பதிலிருந்து வால் அசைவது வரை என்ன நடக்கிறது?

ஒவ்வொரு விமானிக்கும் இரண்டு பெடல்கள். ஒன்றை முன்னால் தள்ளினால் மற்றது பின்னால் வரும். பெடலின் மேல்பகுதியைக் கால்விரலால் சாய்த்தால் சக்கரப் பிரேக். அதனால் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது குதிகால் தரையில் இருக்கும்படி கவனமாக வைத்துக்கொள்வார்கள். தெரியாமல் பிரேக் பிடித்துவிடக்கூடாது அல்லவா?

வலது பெடலை அழுத்துங்கள். பழைய வடிவமைப்புகளில் அந்த அசைவு எஃகுக் கேபிள் வழியாக விமானத்தின் நீளம் முழுக்க ஓடி வாலுக்குப் போகும். அங்கே ஒரு வால்வு திறக்கும். அழுத்தமேற்றிய ஹைட்ராலிக் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். சுக்கான் வலப்பக்கம் திரும்பும், அதில் மோதும் காற்று வாலை இடப்பக்கம் தள்ளும், மூக்கு வலப்பக்கம் போகும். மனிதக் கால் இங்கே வால்வுக்குச் சேதி மட்டும்தான் சொல்கிறது, பலமெல்லாம் எண்ணெயினுடையது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எண்ணெய் தள்ளுவதால், காற்று சுக்கானை எவ்வளவு எதிர்க்கிறது என்பது விமானியின் காலுக்குத் தெரியவராது. எனவே ஸ்பிரிங் வைத்துச் செயற்கையாக ஓர் எதிர்ப்பைக் கொடுக்கிறார்கள். காலுக்குத் தெரிவது பொறியாளர் தீர்மானித்த கனம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதுவே ஒரு பெரிய விபத்தின் நடுவில் வந்து நிற்கும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தால் வால் மெதுவாக இடவலமாக ஆடுவதுபோல இருக்கிறதே?

அதன் பெயர் டச்சு ரோல். பனிச்சறுக்குக்காரர் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றிப் போவதுபோல் இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். பின்னோக்கி வளைந்த இறக்கை கொண்ட விமானங்களுக்குக் கூடவே பிறந்த குணம் இது.

ஒரு காற்றடி மூக்கை இடப்பக்கம் தள்ளிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வலது இறக்கை காற்றை நேருக்கு நேராகச் சந்திக்கிறது, இடது இறக்கை இன்னும் சாய்ந்து ஒதுங்குகிறது. வலது இறக்கை கூடுதலாகத் தூக்க, விமானம் இடப்பக்கம் சாயும். அதே வலது இறக்கையில் காற்றுத்தடையும் கூடியிருப்பதால் மூக்கு திரும்ப வலப்பக்கம் இழுபடும், நடுவைத் தாண்டியும் போகும். உடனே இதே கதை எதிர்ப்பக்கம் தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சில விநாடிகள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஆட்டம் அடங்க நேரமாகும்.

இதை அடக்க வந்ததுதான் யா டேம்பர். மூக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை ஜைரோ அளக்கும், கணினி எதிர்த்திசையில் சுக்கானைச் சில டிகிரி தட்டிவிடும். இதைத் தொடக்கத்திலேயே வைத்த பெரிய ஜெட்டுகளில் ஒன்று போயிங்கின் பி-47 குண்டுவீச்சு விமானம். சட்டைப் பித்தானைக்கூடத் தொடாமல் தோளில் மெல்லத் தட்டி நேர்ப்படுத்தும் தாயைப்போல, பெடலை அசைக்காமலே இது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கடைசி வரிசையில் உங்களுக்குத் தெரிவது அதையும் மீறி மிஞ்சிய ஆட்டம். நடுவில் உட்கார்ந்தவருக்கு அது தெரியாது, ஏனென்றால் விமானம் ஏறத்தாழ நடுவை அச்சாக வைத்துத்தான் ஆடுகிறது.

இந்த ஆட்டம் ஆபத்தானதா?

இன்றைய விமானத்தில், டேம்பர் வேலை செய்யும்வரை, இல்லை. அது பழுதானால் வேகத்துக்கும் உயரத்துக்கும் வரம்பு வைத்துப் பறக்கச் சொல்லும் நடைமுறைகள் உண்டு.

ஆனால் இந்த நிலைமை சும்மா வந்துவிடவில்லை. 1959 அக்டோபர் 19 அன்று, பிரானிஃப் நிறுவனத்துக்குக் கொடுக்கவிருந்த புத்தம்புதிய போயிங் 707 ஒன்று வாஷிங்டன் மாநிலத்தின் மேல் பயிற்சிக்காகப் பறந்தது. டச்சு ரோலை வேண்டுமென்றே உண்டாக்கி, அதிலிருந்து மீள்வதைக் காட்டும் பயிற்சி. ஆட்டம் அனுமதித்த சாய்வை மீறிப் போனது. அதன் வலுவில் 4 என்ஜின்களில் 3 பிய்த்துக்கொண்டு விழுந்தன. ஆற்றங்கரையில் இறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. இருந்த 8 பேரில் 4 பேர் இறந்தார்கள். 707-க்குப் பின்னாளில் உயரமான வால் துடுப்பும், வயிற்றுக்கடியில் ஒரு கூடுதல் துடுப்பும் வந்தன. பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை விடாமல் வற்புறுத்தினார்கள்.

ஓர் என்ஜின் நின்றால் சுக்கானுக்கு என்ன வேலை?

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் வண்டி என்ன ஆகும்? ஓடுகிற மாடு சுற்றி இழுக்கும். அப்படித்தான். இடது என்ஜின் நின்றால், வலது என்ஜின் தன் முழு பலத்தோடு மூக்கை இடப்பக்கம் தள்ளும். அதை எதிர்த்து வலது பெடலை மிதிக்கவேண்டும். 'ஓடுகிற என்ஜின் பக்கத்துக் காலை மிதி' என்பதுதான் பாடம்.

மோசமான நேரம் ஓடுபாதையில் வேகமெடுக்கும் தறுவாய். என்ஜின் முழு விசையில் இருக்கும், ஆனால் வேகம் போதாததால் சுக்கானில் காற்றின் பலம் குறைவு. எனவே ஒவ்வொரு விமானத்துக்கும், ஓர் என்ஜின் நின்றாலும் சுக்கானைக் கொண்டு நேராகப் பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் என்று ஒன்று உண்டு. தரையில் ஒரு கணக்கு, காற்றில் ஒரு கணக்கு. வால் துடுப்பு ஏன் அவ்வளவு பெரியது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பெரும்பாலும் பதில். மிக மோசமான அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் அத்தனை பரப்பையும் வாழ்நாள் முழுக்கச் சுமந்து பறக்கிறது.

நெம்புகோல் கணக்கும் இதில் சேரும். உடம்பைக் குட்டையாக்கினால் வால் நடுவுக்கு அருகே வந்துவிடும், பிடிப்பு குறையும். குட்டையான 747 எஸ்பி ரகத்துக்கு, சாதாரண 747-ஐவிட ஏறக்குறைய 5 அடி உயரமான வால் துடுப்பு வைத்தது அதனால்தான். ஏர்பஸ் குடும்பத்தில் குட்டியான ஏ318-க்கும் ஏ320-ஐவிட உயரமான வால்.

போயிங் 777-இல் இரு என்ஜின்களின் விசை வித்தியாசத்தைக் கணினி பார்த்துக்கொண்டே இருக்கும், ஒன்று தளர்ந்தால் தானே சுக்கானைத் திருப்பத் தொடங்கும்.

பக்கக் காற்றில் விமானம் நண்டுபோலக் குறுக்காக வருகிறதே, அது விமானியின் தடுமாற்றமா?

தடுமாற்றமே இல்லை, அது திறமை. காற்று பக்கத்திலிருந்து அடிக்கும்போது மூக்கைக் காற்றின் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் பாதை ஓடுபாதையின் நடுக்கோட்டில் இருக்கும். ஆற்றைக் கடக்கும் பரிசல்காரர் எதிர்க்கரையின் மேல்பக்கத்தைப் பார்த்துத் துடுப்பு போடுவதும் இதே கணக்குத்தான். தரை நெருங்கும்போது பெடலை மிதித்து மூக்கை நடுக்கோட்டுக்குக் கொண்டுவருவார், அதே சமயம் காற்றடிக்கும் பக்கத்து இறக்கை தூக்காமல் ஏலரானால் பிடித்துக்கொள்வார். காலும் கையும் எதிரெதிர்ப் பக்கம் வேலை செய்யும். அந்த இரண்டு மூன்று விநாடி முழுக்கக் கைப்பழக்கம்.

வேகம் கூடினால் சுக்கானுக்குக் கட்டுப்பாடு வைப்பது ஏன்?

காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் விசை 4 மடங்கு. இறங்கும் வேகத்தில் முழுசாகத் திருப்பவேண்டிய சுக்கானை, மேலே பறக்கும் வேகத்தில் அதே அளவு திருப்பினால் வால் தாங்காது. அதனால் வேகம் ஏற ஏற, சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்ற எல்லையை ஒரு கருவி குறைத்துக்கொண்டே வரும். ஏ320-இல் இரண்டு கணினிகள் இதைக் கவனிக்கின்றன. யா டேம்பரும் அவற்றின் பொறுப்புதான்.

2014 டிசம்பர் 28 அன்று சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போன ஏர் ஏசியா ஏ320 விமானத்தில், இந்த எல்லை வைக்கும் கருவியின் மின்னணு அட்டையில் ஓர் ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் அந்த விமானத்தில் 23 முறை இதே கோளாறு பதிவாகியிருந்தது. அன்றைக்கு எச்சரிக்கை நான்காம் முறை வந்தபின், அந்தக் கணினிகளுக்கான மின்துண்டிப்பானை இழுத்துவிட்டார்கள் என்று விசாரணை முடிவு செய்தது. ஆட்டோபைலட் விலகியது, சுக்கான் வெறும் 2 டிகிரி இடப்பக்கம் நின்றது. உடனே யாரும் பிடிக்காததால் விமானம் 54 டிகிரி சாய்ந்தது. பின்பு மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி, தூக்குவிசை இழந்து ஜாவா கடலில் விழுந்தது. 162 பேர் இறந்தார்கள்.

எனக்கு அந்த 23 என்ற எண்தான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அந்தக் கோளாறால் விமானம் விழவேண்டிய அவசியமே இல்லை. சிறு தொல்லை என்று ஒவ்வொரு முறையும் தாண்டிப் போனதுதான் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

விமானி பெடலை மிதித்தே வாலை உடைத்துவிட முடியுமா?

முடியும். நடந்திருக்கிறது. 2001 நவம்பர் 12 காலை, நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587. விமானம் ஏ300-600. முன்னால் போன 747 விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் மாட்டி லேசாகக் குலுங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி பெடலை ஒரு பக்கம் முழுக்க மிதித்தார், அப்புறம் மறுபக்கம், திரும்ப இந்தப் பக்கம். சுமார் 7 விநாடிகளுக்குள் மாறி மாறி 5 முறை. வால் துடுப்பு முழுசாகப் பிய்ந்து ஜமைக்கா விரிகுடாவில் விழுந்தது. விமானம் குயின்ஸ் பகுதியின் வீடுகள் மேல் விழுந்தது. விமானத்தில் 260 பேர், தரையில் 5 பேர் இறந்தார்கள்.

9/11 முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோருக்கும் முதலில் வந்த எண்ணம் வேறு. பொறியாளர்கள் சிலருக்கு, வால் உலோகமல்லாத கூட்டுப்பொருளால் ஆனது என்பதில் சந்தேகம். ஆனால் அந்த வால் ஏமாற்றவில்லை. பயன்பாட்டில் வரக்கூடும் என்று கணக்கிட்ட உச்சச் சுமையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்த பிறகே அதன் பிடிமானம் உடைந்தது. சட்டம் கேட்டது ஒன்றரை மடங்குதான்.

ஒரு பக்கம் மிதிப்பதைவிட மாற்றி மாற்றி மிதிப்பது ஏன் கொடியது? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை தள்ளினால் அது அளவோடு போகும். ஓர் ஓரத்துக்குப் போய்த் திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளினால் ஒவ்வொரு முறையும் உயரம் கூடும். விமானம் ஒரு பக்கம் வழுக்கி நிற்கும்போது வால் துடுப்பில் ஏற்கெனவே காற்று மோதிக்கொண்டிருக்கிறது. அதே நேரம் சுக்கானை மறுபக்கம் திருப்பினால் இரண்டு சுமையும் ஒரே பக்கம் சேர்ந்துவிடும்.

இங்கேதான் நான் மேலே சொன்ன செயற்கைக் கனம் வருகிறது. அந்த ஏ300-600-இல் வேகம் கூடினால் பெடல் நகரும் தூரமே குறுகிவிடும். இறங்கும் வேகத்தில் முழுத் திருப்பத்துக்குப் பெடல் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் போகவேண்டும், சுமார் 30 கிலோ அழுத்தம் வேண்டும். 250 நாட் (மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர்) வேகத்திலோ, 3 சென்டிமீட்டர்தான். பெடல் அசையத் தொடங்கவே 10 கிலோ, முழு எல்லைக்கு 15 கிலோகூட வேண்டாம். வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். தரையில் குதிகாலை ஊன்றிக்கொண்டு, முன்பாதத்தை 3 சென்டிமீட்டர் தள்ளுங்கள். அவ்வளவுதான். காலுக்கு அது ஒன்றுமேயில்லை, வாலுக்கு அதுதான் எல்லாம். குலுங்கும் இருக்கையில், கொஞ்சமாக மிதிப்பதும் முழுக்க மிதிப்பதும் ஒன்றாகிவிடுகிறது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004-இல், தேவையற்ற, அளவுமீறிய பெடல் மிதிப்பே காரணம் என்று முடிவு சொன்னது. சுக்கான் அமைப்பின் வடிவமைப்பும் அந்த நிறுவனத்தின் பயிற்சியும் துணைக் காரணங்கள் என்றது. அந்தத் துணை விமானியைப் பற்றிக் கடுமையாகப் பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே எதை எப்படித் திருப்பினாலும் விமானம் தாங்கும் என்றுதான் அக்காலத்தில் ஏராளமான விமானிகள் நம்பியிருந்தார்கள். உண்மையில் விமானம் தாங்கும் என்ற அரசுச் சான்று, ஒரு பக்கம் ஒருமுறை முழுக்கத் திருப்பி நடுவுக்குத் திரும்புவதற்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. அந்த வித்தியாசத்தை அவர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. ஒருமுறை எதிர்த்திசைக்கு மாற்றி மிதித்தாலும் புதிய விமானங்கள் தாங்கவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2022-இல்தான் வந்தது.

737-இன் சுக்கான் ஒருகாலத்தில் தானாகவே திரும்பியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. விமான வரலாற்றில் மிகக் கடினமாகத் துப்புத் துலக்கப்பட்ட கதைகளில் ஒன்று.

1991 மார்ச் 3 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் இறங்க வந்த யுனைடெட் 585 திடீரென்று சுழன்று குத்தென விழுந்தது. 25 பேரும் இறந்தார்கள். காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்றே முதல் அறிக்கை முடிந்தது. 1994 செப்டம்பர் 8 அன்று பிட்ஸ்பர்க் அருகே யூஎஸ்ஏர் 427. முன்னால் போன விமானத்தின் காற்றுச் சுழல் தட்டியது, மூக்கு இடப்பக்கம் வெட்டித் திரும்பியது, அரை நிமிடத்துக்குள் தரை. 132 பேர். இரண்டுமே 737.

737-இல் சுக்கான் ஒரே துண்டு. 727-இலும் 747-இலும் இரண்டு துண்டு, ஒன்று முரண்டு பிடித்தால் மற்றது இருக்கும். 737-இல் அந்த ஒரே துண்டை ஒரே முதன்மை ஹைட்ராலிக் கருவி அசைத்தது. பாதுகாப்புக்காக அதன் வால்வை இரட்டையாகச் செய்திருந்தார்கள்: ஓர் உருளைக்குள் இன்னோர் உருளை, இரண்டும் ஓர் உறைக்குள். இடையில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. உள்ளது சிக்கினால் வெளியது வேலை செய்யும் என்பது எண்ணம்.

விடை கிடைத்தது வெப்பநிலைச் சோதனையில். உயரத்தில் பறந்து உறைந்துபோன கருவிக்குள் திடீரென்று சூடான எண்ணெய் பாய்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். வெளி உருளை உறையோடு சிக்கிக்கொண்டது. அப்போது விமானி பலமாக மிதித்தால், உள் உருளை தன் இடத்தைத் தாண்டிப் போய், எண்ணெய் தவறான துளை வழியே பாய்ந்தது. வலப்பக்கம் மிதித்தால் சுக்கான் இடப்பக்கம் போகும். எவ்வளவு பலமாக மிதிக்கிறாரோ அவ்வளவு பலமாக எதிர்க்கும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் அடிவயிறு கலங்குகிறது. சரியானதைச் செய்யும் கால் அங்கே விமானத்தைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது, அது அந்த விமானிகளுக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

1996 ஜூன் 9 அன்று ரிச்மண்ட் அருகே ஈஸ்ட்விண்ட் 517 என்ற 737-க்கும் இதே அனுபவம் வந்தது. ஆனால் பத்திரமாக இறங்கியது. அப்போது வேகம் அதிகம் இருந்தது. சுக்கான் முழுக்கத் திரும்பி நிற்கும்போது அதை ஏலரானால் எதிர்த்துப் பிடிக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் சுக்கானே ஜெயிக்கும். யூஎஸ்ஏர் 427 சுமார் 190 நாட் வேகத்தில் அந்த விளிம்பில்தான் இருந்தது. ஈஸ்ட்விண்ட் அதற்கு வெகு மேலே இருந்தது. அதில் உயிர் பிழைத்த விமானிகளின் வாக்குமூலமும் கையில் கிடைத்த கருவியும்தான் விசாரணைக்கு உயிர் கொடுத்தன.

நாலரை வருட உழைப்புக்குப் பின் 1999 மார்ச்சில் வாரியம் முடிவை அறிவித்தது. 585-இன் பழைய அறிக்கையும் 2001-இல் திருத்தப்பட்டது. 2002-இல் அமெரிக்க விமானத்துறை புதிய சுக்கான் அமைப்பைக் கட்டாயமாக்கியது. இன்று நீங்கள் ஏறும் 737-இல் இருப்பது அந்தப் பழைய வால்வு அல்ல.

ட்ரிம் என்பது என்ன? அதில் தவறு நடக்குமா?

ஓர் என்ஜினோடு ஒரு மணி நேரம் பறக்கவேண்டியிருந்தால் காலை மிதித்தபடியே இருக்க முடியாது. சுக்கானின் நடுநிலையை ஒரு குமிழால் நகர்த்தி வைத்துவிட்டுக் காலை எடுக்கலாம். அதுதான் ட்ரிம்.

2011 செப்டம்பர் 6 இரவு, ஜப்பானில் நாஹாவிலிருந்து டோக்கியோவுக்குப் போன ஏஎன்ஏ 140, ஒரு 737-700. கழிப்பறைக்குப் போன கேப்டன் திரும்பி வந்து கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே தனியாக இருந்த துணை விமானி கதவுப் பூட்டுக் குமிழ் என்று நினைத்து ட்ரிம் குமிழைத் திருகினார். அவர் முன்பு ஓட்டிய 737-500-இல் கதவுக் குமிழ் அதே மாதிரி இடத்தில் இருந்தது. விமானம் 131.7 டிகிரி சாய்ந்தது, அதாவது ஏறக்குறைய மல்லாந்தது, 6,000 அடிக்கும் மேல் இறங்கியது. அப்புறம் மீட்டுவிட்டார். 117 பேரும் பிழைத்தார்கள். இருட்டில் பலருக்கு என்ன நடந்தது என்றே அப்போது தெரியவில்லை.

வாலே போய்விட்டால்?

1985 ஆகஸ்ட் 12. ஜப்பான் ஏர்லைன்ஸ் 123, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு, 747. கிளம்பி 12 நிமிடத்தில் பயணிகள் அறையின் காற்றழுத்தத்தை உள்ளேயே பிடித்து வைக்கும் பின்பக்க அழுத்தச் சுவர் உடைந்தது. 1978-இல் வால் தரையில் உரசியபின் அந்தச் சுவரைச் சரியாகப் பழுதுபார்க்கவில்லை. இரண்டு வரிசை ரிவெட் பிடிக்கவேண்டிய இடத்தில் ஒரு வரிசைதான் சுமை தாங்கியது. உள்ளிருந்து வெடித்த காற்று வால் துடுப்பின் பெரும்பகுதியைத் தூக்கிக்கொண்டு போனது. நான்கு ஹைட்ராலிக் குழாய்த் தொகுதிகளும் அங்கேதான் ஓடின, நான்கும் போயின.

துடுப்பு இல்லாத உடம்பு ஓயாமல் டச்சு ரோலில் ஆடியது. அடக்க டேம்பரும் இல்லை, சுக்கானும் இல்லை. என்ஜின்களின் விசையை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்து, 32 நிமிடம் காற்றில் பிடித்து வைத்திருந்தார்கள் அந்த விமானிகள். 520 பேர் இறந்தார்கள், 4 பேர் பிழைத்தார்கள். வால் உடைந்தாலும் எண்ணெய் முழுக்க வெளியேறாதபடி தடுக்கும் அடைப்பானை அதன்பின் 747-களில் பொருத்தினார்கள்.

1989-இல் அமெரிக்காவில் யுனைடெட் 232 என்ற டிசி-10 ஹைட்ராலிக் அனைத்தையும் இழந்தபோது அங்கும் என்ஜின் விசைதான் கைகொடுத்தது. சூ சிட்டியில் விழுந்து உடைந்தது, ஆனாலும் 184 பேர் உயிரோடு வந்தார்கள்.

வேண்டுமென்றே விமானத்தைக் குறுக்காக வழுக்க விடுவது உண்டா?

பெரிய விமானத்தில் அபூர்வம். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து மிதந்து வந்தது. பவுண்டு கணக்கும் கிலோ கணக்கும் குழம்பியதால் பாதிக்கும் குறைவாகவே நிரப்பியிருந்தார்கள். கிம்லி என்ற பழைய விமானத்தளத்தை நெருங்கும்போது உயரம் மிதமிஞ்சி இருந்தது. கேப்டன் ராபர்ட் பியர்சன் என்ஜின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். பெடலை ஒரு பக்கமும் ஏலரானை மறுபக்கமும் பிடித்து, அந்தப் பெரிய உடம்பைக் காற்றுக்குக் குறுக்கே காட்டினார். தடை கூடி, வேகம் ஏறாமலே உயரம் இறங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள்.

புதிய விமானங்களிலும் கேபிள்தானா?

ஏ380, ஏ350, 777, 787 எல்லாம் பெடலிலிருந்து மின்சாரக் கம்பி வழியாகக் கணினிக்குச் சேதி அனுப்புகின்றன. 737-இல் இன்றும் கேபிள்தான். ஏ320 பெரும்பாலும் கணினி வழியாக ஓட்டப்படும் விமானம் என்றாலும் சுக்கானுக்கு மட்டும் இயந்திர இணைப்பை விட்டு வைத்திருந்தார்கள், மின்சாரம் முழுக்கப் போனாலும் கால் வேலை செய்யட்டும் என்று.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா?

2024 பிப்ரவரி 6 அன்று நியூவார்க்கில் இறங்கிய யுனைடெட் 737 மேக்ஸ் ஒன்றில், தரை தொட்டபின் பெடல் நடுவில் இறுகிக்கொண்டது, மிதித்தாலும் அசையவில்லை. கேப்டன் முன்சக்கரத் திருப்பியால் ஓடுபாதையில் நேராகக் கொண்டுபோனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆராய்ந்தால், தானியங்கி இறக்கத்தில் ஓடுபாதையில் நேராக வைக்க உதவும் ஒரு சிறு கருவியின் தாங்கியில் (பேரிங்) ஈரம் புகுந்து குளிரில் உறைந்திருக்கிறது. அந்த விமானங்கள் அந்த வசதியைப் பயன்படுத்தவேகூட இல்லை. கருவி மட்டும் உள்ளே இருந்தது. வாரியம் அவசரப் பரிந்துரை கொடுத்தது. இந்த முறை யாரும் சாவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்தார்கள்.

பயணியாக நான் சுக்கானை எப்போது பார்க்கலாம்?

அடுத்த முறை கண்ணாடிச் சுவர் ஓரம் நில்லுங்கள். விமானம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, என்ஜின் ஓடத் தொடங்கி, மெதுவாக நகரும்போது வாலைப் பாருங்கள். சுக்கான் இடப்பக்கம் முழுக்கப் போகும், நடுவுக்கு வரும், வலப்பக்கம் முழுக்கப் போகும், மறுபடி நடுவுக்கு வந்து நிற்கும். உள்ளே ஒருவர் பெடலை எல்லைவரை மிதித்துச் சரிபார்க்கிறார். சில விநாடிதான். அந்தப் பயணத்தில் அவர் அதை அவ்வளவு தூரம் மிதிப்பது அநேகமாக அப்போது மட்டும்தான்.